சிமெண்டுத் தரைமேல் தேக்குப் பலகை: ஆசாரியின் பதில்கள்

சென்ற இதழில் வீட்டுக்குள் மரத்தளம் போடுவது பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேர் விலை கேட்டிருக்கிறார்கள். மரத்தின் விலை ஊருக்கு ஊர், டிப்போவுக்கு டிப்போ மாறுவதால் அதை விட்டுவிடுகிறேன். மற்ற கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு, 32 வருட மரவேலையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதில் கடைசி 18 வருடம் தரைவேலை மட்டும்தான்.

புது வீடு கட்டியிருக்கிறோம். தரைத்தளத்தில் 10-க்கு 14 அடி அறையில் தேக்குப் பலகை போட ஆசை. கான்கிரீட் போட்டு ஆறு வாரம் ஆகிறது, தொட்டால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மைத்துனர் சில வீடியோக்கள் அனுப்பினார். தரைமேல் பிளைவுட்டை அடித்து, அதன்மேல் மூன்று அங்குலப் பலகைகளை வரிசையாக அடித்துக்கொண்டே போகிறார்கள். அதே மாதிரி செய்யலாமா? அடுத்த மாதம் கிரகப்பிரவேசம்.
— வாசகர், மேடவாக்கம்

செய்யலாம் தம்பி, ஆனால் அடுத்த மாதம் வேண்டாம். அதே மாதிரியும் வேண்டாம்.

அந்த வீடியோவில் நீங்கள் பார்ப்பது தரைக்கு மேலே நடக்கிற வேலையை. தரைக்குக் கீழே இருப்பது கண்ணில் படாது. ஆஸ்திரேலியாவில் மண்மேல் கான்கிரீட் போடும்போதே அடியில் 0.2 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுவார்கள். அங்கே அது கட்டட விதி. மண்ணின் ஈரம் அந்த ஷீட்டோடு நின்றுபோகும். கான்கிரீட்டுக்குள் கலந்த தண்ணீர் மட்டும் மேல்வழியாக ஆவியாகிக் காய்ந்துவிட்டால் வேலை முடிந்தது.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? அஸ்திவாரத்துக்கு மேல் பிளிந்த் பீம் என்ற கான்கிரீட் உத்தரம் போட்டு, உள்ளே மணலோ கிராவலோ நிரப்பி, தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் நாலு அங்குலம் பி.சி.சி., அதாவது கம்பி இல்லாத கான்கிரீட் போடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் ஷீட் கிடையாது. ஈரம் தடுக்கும் பூச்சு என்று ஒன்று இருந்தால் அது சுவருக்கு அடியில்தான் இருக்கும், தரைக்கு அடியில் இருக்காது. உங்கள் பகுதியோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்று உங்கள் தெருவில் கிணறு வைத்திருப்பவரைக் கேளுங்கள். கான்கிரீட் முழுக்க மயிரிழை போன்ற துளைகள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதைத்தான் பெரியவர்கள் ஓதம் என்பார்கள். டைல்ஸுக்கோ கிரானைட்டுக்கோ ஓதம் ஏறினால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பலகைக்கு அப்படியில்லை, அது குடித்துவிடும்.

சரி, ஷீட் இருந்தால்கூட ஆறு வாரம் போதாது. 28 நாள் என்பது கான்கிரீட் பலம் பெறுவதற்கான கணக்கு. அதைக் காய்ந்ததற்கான கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். காய்வதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு: ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாதம், அதுவும் கான்கிரீட் இறுகுவதற்காக ஊற்றும் கியூரிங் தண்ணீரை நிறுத்திய நாளிலிருந்து. நாலு அங்குலத்துக்கு நாலு மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்தால் அதற்கும் மேலே. உங்கள் கை தொட்டுப் பார்ப்பது மேல்தோலைத்தான்.

ஒரு சோதனை சொல்கிறேன், இன்றைக்கே செய்யுங்கள். இரண்டடிச் சதுரமாகத் தடித்த பாலித்தீன் ஷீட்டை வெட்டி, வெயில் படாத இடத்தில் தரைமேல் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று. மூன்று நாள் கழித்து டேப்பை ஒரு மூலையில் மெதுவாக உரியுங்கள். ஷீட்டின் அடிப்பக்கத்தில் பனி பூத்தமாதிரி பொடிப்பொடியாக நீர்த்துளி நிற்கிறதா பாருங்கள். துளி இல்லாவிட்டாலும், ஷீட் மூடியிருந்த சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கறுத்துத் தெரிகிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் பலகைப் பேச்சை அந்த மாதம் எடுக்கக்கூடாது. இரண்டும் இல்லையென்றால் மகிழ்ச்சி, ஆனால் அதை நம்பி மட்டும் நான் வேலையை ஆரம்பிக்க மாட்டேன். தரையில் துளை போட்டு உள்ளே கருவி வைத்து ஈரப்பதம் பார்ப்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். நாலு அங்குலத் தரையென்றால் 40 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, மூடி, ஒரு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் மரம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் கோவை வடவள்ளியில் ஒரு வீட்டில் நான் அவசரப்பட்டேன். சித்திரையில் வேலை. தரை பால்வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரருக்கு மகள் கல்யாணம், நாள் நெருக்கடி. ஷீட் சோதனைகூடச் செய்யாமல் பிளைவுட் அடித்து, பலகை போட்டு, பாலிஷ் கொடுத்து, பத்தே நாளில் முடித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஐப்பசி மழை பிடித்து மூன்றாவது வாரம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். போய்ப் பார்த்தேன். மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்த நேரம், தரை முழுவதும் வரிவரியாக நிழல். ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்து, மல்லாந்து கிடக்கும் ஓடு மாதிரி இருந்தது. அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிய, மேல்பக்கம் பாலிஷுக்குக் கீழே காய்ந்தே இருக்க, பலகை வேறென்ன செய்யும்? ஓரத்தில் இரண்டு பலகையை நெம்பி எடுத்தபோது பிளைவுட்டின் அடியில் கறுப்புப் பூஞ்சை, ஊறிய காகிதத்தின் வாடை. அந்தத் தரை முழுவதையும் என் செலவில் பிரித்து எடுத்தேன். பலகையில் பாதிதான் மறுபடி பயன்பட்டது. அன்றிலிருந்து தரையைச் சோதிக்காமல் நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

இன்னொன்று. அப்படித் தூக்கிய பலகையைப் பார்த்ததும் மிஷின் வைத்து இழைத்துச் சமமாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் இறங்கியதும் ஓரம் தாழும். அப்போது இழைத்துக் கரைந்த ஓரம் பள்ளமாகி, நடு மேடாகி, அதற்குப் பிறகு திருத்தவே முடியாமல் போகும். முதலில் ஈரத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்தி, பலகை முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே கிரகப்பிரவேசத்தை வெறுந்தரையில் வையுங்கள். ஹோமச் சூடும், பால் காய்ச்சுவதும், பசுவும் கன்றும் உள்ளே வந்து போவதும் எல்லாம் கான்கிரீட்மேல் நடக்கட்டும். மழைக்காலம் ஒன்று கழியட்டும். மாசியில் சோதித்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

ஆரம்பிக்கும்போது வரிசை இது. ஆறடி மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பிறகு ஈரம் தடுப்பது. 200 மைக்ரான் ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று எட்டு அங்குலம் ஏறுமாறு விரித்து டேப் ஒட்டுவது ஒரு வழி. ஆனால் பிளைவுட்டை இறுக்கும் ஒவ்வொரு ஸ்குருவும் அந்த ஷீட்டைத் துளைத்துக்கொண்டுதான் போகும். மேல்மாடியில் அது பெரிதாகத் தெரியாது. அடியில் ஷீட் இல்லாத தரைத்தளத்தில், ஈரம் தடுக்கும் எபாக்ஸி என்ற பிசின் பூச்சை இரண்டு கை, ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் பூசுவதைத்தான் நான் விரும்புகிறேன். செலவு கூடும். செலவைக் குறைக்க வேறு எங்கே வேண்டுமானாலும் கை வையுங்கள், இதில் வேண்டாம்.

அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம். 8-க்கு 4 ஷீட்டை நான் 4-க்கு 4 ஆக வெட்டித்தான் போடுவேன், சின்னத் துண்டு தரையோடு நன்றாக ஒட்டி உட்காரும். ஷீட்டுக்கு ஷீட் 3 மி.மீ. இடைவெளி, சுவரோரம் 12 மி.மீ. நான்கு மூலைகள் ஒரே இடத்தில் சந்திக்கக்கூடாது, செங்கல் வரிசைபோல மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு ஸ்குரு.

பலகை 20 மி.மீ. கனம், மூன்று அங்குல அகலம், ஒரு பக்கம் நாக்கு என்ற நீட்டிய விளிம்பு, மறுபக்கம் அது செருகும் பள்ளமான காடி. நாக்கின்மேல் 45 டிகிரி சாய்வில் ஆணி இறங்கும். அடுத்த பலகையின் காடி வந்து அதை மூடிவிடுவதால் மேலே ஆணித்தலை தெரியாது. ஆணி ஒன்றரை அங்குலம்தான். உறுதியாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குல ஆணி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சாய்வாக இறங்கும் ஆணி பிளைவுட்டைத் தாண்டிக் கான்கிரீட்டில் முட்டும். முட்டியதும் நுனி மடங்கி, பலகையைக் கீழே இழுப்பதற்குப் பதிலாக மேலே தூக்கும். தேக்கில் கையால் அடிப்பதானால் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள், நாக்கு பிளக்காது. எட்டிலிருந்து பத்து அங்குலத்துக்கு ஒரு ஆணி. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் மட்டும் சுவர் இடிக்கும் என்பதால் மேலிருந்து அடித்து, தலையை உள்ளே இறக்கி, மரத்தூள் பசையால் மூட வேண்டியிருக்கும். ஆணியோடு பாலியூரித்தேன் பசையும் கோடுகோடாகப் போடுவேன். சாதாரண வெள்ளைப் பசை ஆகாது, அதில் பாதிக்குமேல் தண்ணீர். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அடிப்பக்கத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அறை 140 சதுர அடி. ஒரு கன அடி மரத்தை ஒரு அங்குலமாக அறுத்தால் 12 சதுர அடி வரும். இழைத்து, நாக்கும் காடியும் எடுத்து, துண்டு கழித்தால் 9 சதுர அடி தேறும். ஆகவே 16 கன அடி வாங்குங்கள். பிளைவுட்டும் பலகையும் சேர்ந்து தரை 38 மி.மீ. உயரும். கதவை இப்போதே மாட்டாதீர்கள், அல்லது அடியில் அந்த அளவு வெட்டிவிடுவதற்குத் தயாராக இருங்கள்.

மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். சிவப்பு ஆக்சைடு போட்ட கான்கிரீட் தரை. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எனக்கும் முழங்கால் வலி. மரத்தளம் போட்டால் குறையுமா? எப்படிப் போட வேண்டும்?
— வாசகி, பாளையங்கோட்டை

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நாகர்கோவில் பக்கம் ஒரு வகுப்பில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. தரை போட்டுத் தரச் சொன்ன ஆசிரியை, முதலில் பாருங்கள், பிறகு அளவெடுங்கள் என்றார். எட்டு வயதுப் பிள்ளைகள் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு ஆடினார்கள். தட்டுக்கழி ஒவ்வொரு முறை விழும்போதும் பாதம் முழுதாகத் தரையில் அறைகிறது. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். ஒரு பிள்ளை பத்து நிமிடத்தில் எத்தனை முறை தட்டுகிறாள் என்று எண்ண ஆரம்பித்து முந்நூறில் விட்டுவிட்டேன். கான்கிரீட் அதில் எதையும் வாங்கிக்கொள்ளாது. தட்டிய வேகம் அப்படியே குதிகால், கணுக்கால், முழங்கால் என்று திரும்பி ஏறும்.

ஆனால் மேடவாக்கம் வாசகருக்குச் சொன்னபடி பிளைவுட்டைக் கான்கிரீட்டோடு இறுக்கி அதன்மேல் பலகை போட்டால் உங்களுக்குப் பலன் குறைவு. பார்க்க மரம், கீழே அதே கல். உங்களுக்கு வேண்டியது பலகைக்கு அடியில் கொஞ்சம் இடமும் இசைவும்.

நான் போட்டுத் தந்த முறை இது. 2 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் கெட்டி மர ரீப்பர்களை, அதாவது நீளச் சட்டங்களை, 12 அங்குலத்துக்கு ஒன்றாக அறையின் குறுக்கே வரிசையாக வைத்தோம். ஒவ்வொரு ரீப்பரின் அடியிலும் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. ரப்பர் துண்டு. பக்கத்து ரீப்பரில் ரப்பர் அரை அடி தள்ளி வரும், நேருக்கு நேர் வராது. ரீப்பரைக் கான்கிரீட்டில் இறுக்கவில்லை. இறுக்கினால் ரப்பர் வைத்ததற்கே அர்த்தமில்லை. அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குக் குறுக்காக, பசையும் ஸ்குருவும் போட்டு. கடைசியாக 20 மி.மீ. தேக்குப் பலகை. மொத்தம் நான்கேகால் அங்குலத்துக்குப் பக்கம் உயரும். உங்கள் மாடிக்கதவையும் படியையும் இந்த உயரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் கால் தடுக்காமல் சாய்வுப் பலகை ஒன்று வேண்டியிருக்கும்.

மாடித்தளம் என்பதால் மண்ணின் ஈரம் வராது, அந்தக் கவலை இல்லை. பழைய தரையென்றால் உள்ளே தண்ணீரும் போய்விட்டிருக்கும். இருந்தாலும் ஷீட் சோதனையைச் செய்துவிடுங்கள். மொட்டை மாடியை ஒட்டிய சுவரில் கசிவு இருந்தால் அதை முதலில் அடையுங்கள்.

சத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். ரீப்பருக்கு இடையில் வெற்றிடம் இருப்பதால் தட்டும்போது தரை பறைபோல ஒலிக்கும். சில ஆசிரியைகளுக்கு அது பிடிக்கும், அடவின் சுத்தம் காதில் விழும் என்பார்கள். கீழ்வீட்டில் குடியிருப்பவருக்கு அப்படி இருக்காது. ரீப்பர்களுக்கு இடையில் கண்ணாடி இழைப் பஞ்சு மெத்தையை நிரப்பினால் ஒலி அடங்கும். நாகர்கோவில் வகுப்பில் அதைத்தான் செய்தோம். மூச்சு விடுவதற்குச் சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்டிங் பலகையில் சின்னச் சின்னத் துளைகளும் விட்டோம்.

வெறுங்காலோடு ஆடுகிற தரை என்பதால் பூச்சில் கவனம் வேண்டும். கண்ணாடிபோலப் பளபளக்கும் பாலிஷ் வேர்வை பட்டால் வழுக்கும். மெழுகு தொடவே கூடாது. மங்கலாக நிற்கும் பாலியூரித்தேன் மூன்று கை போதும். பூசுவதற்கு முன் 40, 60, 80, 120 என்ற எண் உப்புக் காகிதங்களால் படிப்படியாகத் தேய்க்க வேண்டும், நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய காகிதத்தின் கீறல் அப்படியே நிற்கும். தேய்த்து முடித்ததும் நான் ஒரு பழைய நைலான் புடவைத் துண்டைத் தரை முழுக்க இழுத்துப் பார்ப்பேன். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது. ஒரு பிள்ளையின் காலில் ஏறுவதற்கு முன் அது என் துணியில் மாட்டட்டும்.

முழங்கால் வலிக்குத் தரை மட்டும் காரணமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தரை மாற்றிய பிறகு நாகர்கோவில் ஆசிரியை, முன்பு ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்துவிடுவேன், இப்போது இரண்டு வகுப்பு எடுக்க முடிகிறது என்று சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவு.

பலகை போடுகிறவர் நாலு சுவரோரமும் அரை அங்குலம் இடைவெளி விட்டுவிட்டார். கேட்டால் மரம் விரியும் என்கிறார். தேக்கு விரியாது என்றுதானே சொல்வார்கள்? அடைத்துவிடட்டுமா?
— வாசகர், கும்பகோணம்

அடைக்காதீர்கள். அவர் வேலை தெரிந்தவர்.

தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் என்பது உண்மை. அசையவே அசையாது என்பது உண்மையில்லை. மரத்துக்குள் ஈரம் ஒரு சதவீதம் கூடினால், சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை அகலத்தில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு விரியும். மூன்று அங்குலப் பலகையில் கோடையிலிருந்து அடைமழைக்குள் ஈரம் மூன்று சதவீதம் கூடுகிறது என்று வையுங்கள். ஒரு பலகைக்கு அரை மி.மீ.கூட இல்லை. ஆனால் பத்தடி அறையில் 40 பலகைகள் தோளோடு தோள் நிற்கின்றன. நாற்பதும் சேர்ந்து 18 மி.மீ., முக்கால் அங்குலத்துக்குப் பக்கம். இந்த நீளத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆணியும் பலகைகளுக்கு இடையில் உள்ள மயிரிழைச் சந்தும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதிக்கு அந்த அரை அங்குலம் வேண்டும். சிமெண்ட் வைத்து அடைத்தால் தரை நடுவில் கூடாரம்போல எழும்பிவிடும். நீளவாக்கில் மரம் அநேகமாக அசையாது. அதனால் பலகையின் தலைப்பக்கச் சுவர்களில் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை.

ஸ்கர்டிங் பலகையைச் சுவரோடு அடித்தால் இடைவெளி மறைந்துவிடும். தரைப்பலகையோடு சேர்த்து அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டைல்ஸ் இருக்கிறது. பெயர்க்காமல் அதன்மேலேயே போடலாமா?
— வாசகி, சேலம்

ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நன்றாகப் பிடித்திருக்கிறது. பொத்தென்று கேட்கும் டைலைப் பெயர்த்து அந்த இடத்தை நிரப்பிவிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் மேலேயே போடலாம். அறையில் கால்வாசி பொத்தென்றால் முழுக்க எடுத்துவிடுவதே நல்லது. பசை போடுவதானால் டைலின் பளபளப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். டைல்ஸ் இருப்பதால் ஓதம் வராது என்று நினைக்காதீர்கள், டைல்களுக்கு நடுவில் உள்ள இணைப்பு வழியாக அது வரும்.

சுவரோரம் செல் ஏறுகிற வீடு. தேக்கு போட்டால் செல் தொடாது என்கிறார்கள், நம்பலாமா?
— வாசகர், கரூர்

தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் உள்ள கெட்டிப் பகுதியை, செல் எளிதில் தொடாது. வெள்ளையைத் தின்றுவிடும். வெள்ளை என்பது மரத்தின் தோலை ஒட்டிய வெளிர் பகுதி. இன்று சந்தையில் கிடைக்கும் இளமரத் தேக்கில் பலகைக்குப் பலகை ஓரத்தில் ஒரு விரல், இரண்டு விரல் வெள்ளை இருக்கிறது. டிப்போவில் பலகையைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள், அடிப்பக்கம் வெள்ளை இருந்தால் என்ன என்று சமாதானம் சொல்வார்கள், செல் வருவதே அடிப்பக்கம்தான். அதோடு நீங்கள் போடுவது தேக்கு மட்டுமில்லை, அடியில் பிளைவுட்டும் ரீப்பரும் இருக்கின்றன. அவற்றுக்கு மருந்து ஏற்றியதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் தரைக்கு மருந்து. கட்டி முடித்த வீட்டுக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியில் முறை இருக்கிறது: சுவரும் தரையும் சேரும் மூலையில் 12 மி.மீ. துளைகளை 300 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்தைச் செலுத்தி, சிமெண்டால் அடைக்க வேண்டும். மருந்து அடிப்பவர் இரண்டடிக்கு ஒரு துளை போட்டால் நிறுத்திக் கேளுங்கள். பலகை போட்ட பிறகு இதைச் செய்ய வழியில்லை. மருந்து ஈரம் தரையில் இறங்கியிருப்பதால் எபாக்ஸி பூச இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் நிறைய இருக்கிறது. எங்கள் பழைய பங்களாவில் நூறு வருடப் பலகைத்தரை இன்னும் நன்றாக இருக்கிறது. புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறையில் சில்வர் ஓக் போட்டால் அப்படி நிற்குமா?
— வாசகர், குன்னூர்

உங்கள் பங்களாவின் வெளிச்சுவரில், தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஜல்லடைபோல இரும்புச் சன்னல்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பலகைகள் சட்டத்தின்மேல் நிற்கின்றன, அடியில் காற்று ஓடுகிறது. என் அப்பா மச்சு போடுகிற ஆசாரி. மச்சுப் பலகைக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று, அதனால்தான் பேரன் காலம்வரை நிற்கிறது என்பார். கான்கிரீட்மேல் ஒட்டிப் படுக்கும் பலகைக்கு அந்த வசதி இல்லை. நாம் ஷீட்டும் எபாக்ஸியும் போட்டு அதை ஈடுகட்டப் பார்க்கிறோம். உங்கள் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் நான் ரீப்பர் வைத்து, அடியில் காற்றோட்டம் விட்டுப் போடுவதையே சொல்வேன்.

சில்வர் ஓக் தேக்கைவிட மென்மையான மரம். நாற்காலிக் கால் அழுத்திய தடம் விழும், படுக்கையறைக்குப் பரவாயில்லை. வெட்டிய கையோடு போடாதீர்கள். அறுத்து, பலகைக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காயவிட்டு, சூளையில் ஈரம் இறக்கி, பூச்சி மருந்தும் ஏற்றிய பிறகு எடுங்கள். அறுக்கும்போது வளையங்களுக்குக் குறுக்காக வருமாறு அறுக்கச் சொல்லுங்கள். அப்படி அறுத்த பலகை பாதியளவுதான் விரியும், சில்வர் ஓக்கில் அந்த முகத்தில் வெள்ளி மின்னுகிற பூ விழும். நான் பார்த்த மரங்களில் அழகான முகங்களில் அது ஒன்று. பிறகு போடப்போகிற அறையிலேயே இரண்டு வாரம் அடுக்கி வைத்து, மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டரின் இரண்டு ஊசியையும் குத்திப் பாருங்கள். பலகைக்கும் அடியில் உள்ள பிளைவுட்டுக்கும் ஈரம் இரண்டு மூன்று சதவீதத்துக்குமேல் வித்தியாசம் காட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

மரத்தளம் போட்டாகிவிட்டது. வேலைக்கு வருகிற அம்மா வாளித் தண்ணீரில் பினாயில் விட்டு மாப் போடுகிறார். தப்பா?
— வாசகி, மதுரை

அவரிடம் மரியாதையாகச் சொல்லி நிறுத்துங்கள், அவர் இத்தனை நாள் துடைத்தது டைல்ஸ். பலகைச் சந்துகளில் தினமும் தண்ணீர் இறங்கினால் ஓரம் கறுத்து, பூச்சு உரியும். தினசரி மெல்லிய துடைப்பத்தால் மணலைக் கூட்டினால் போதும், பூச்சைத் தேய்ப்பது மணல்தான். வாரம் ஒருமுறை, சொட்டாமல் முறுக்கிப் பிழிந்த துணியால் பலகையின் நீளவாக்கில் துடைக்கச் சொல்லுங்கள். துடைத்த தடம் ஒரு நிமிடத்தில் மறைய வேண்டும். மறையவில்லையென்றால் துணியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது.